ஐந்து கால் மான்

"என்னங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்க. மானுக்கு எத்தனை காலு?"

முத்திரை பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. நான்கு விரல்களைக் காட்டினார்.

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் அஞ்சு?"

மனைவி அவருடைய புது ஷூவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கவாட்டில் விரல் நகம் அளவுக்கு ஒரு மான் பாய்ந்துகொண்டிருந்தது. முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு கால், நடுவில் யாருக்கும் சொந்தமில்லாமல் இன்னொன்று.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து எண்ணினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். ஐந்துதான்.

"வேகமா ஓடுதுல்ல. ஓடும்போது பாக்கிறவங்களுக்கு அஞ்சு மாதிரி தெரியும்."

"மாதிரி எல்லாம் இல்ல. அஞ்சே இருக்கு. டூப்பை உங்க தலையில கட்டிட்டாங்க. மான் மார்க் ஷூ வாங்குங்க, கடையில போய் வாங்குங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நடைபாதையிலதானே வாங்கினீங்க?"

பதில் சொல்லவில்லை என்றால் ஆமாம் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவளுக்கு அது தெரியும்.

"பெரிய கடையை இழுத்து மூடிட்டாங்க சார், மிச்சம் இருக்கிற அசல் சரக்கு" என்று நடைபாதைக்காரர் சொல்லத்தான் செய்தார். ஆனால் எந்த நடைபாதைக்காரர்தான் அப்படிச் சொல்வதில்லை?

வேடிக்கை என்னவென்றால், அதுவரை நான்கு நாட்களாக அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு முத்திரை சுகமாக ஓடியிருந்தார். சர்க்கரை ஏறிவிட்டது, ஓடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது அழாத குறையாக வந்தவர், இந்த ஷூவைப் போட்டபின் தெருவை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினார். ஐந்தாவது காலைப் பார்த்த அந்த நிமிடத்திலிருந்து குதிகால் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். முத்திரையால் முடியாது. அவர் வேலை பார்த்தது பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில், தரப் பரிசோதகராக. அவர் முத்திரை குத்தாமல் ஒரு வாளியும் வாசலைத் தாண்டாது. அதனால்தான் அந்தப் பெயரே வந்தது. தரப் பிரிவின் தலைவர் போன மாதம் ஓய்வு பெற்றுவிட, அந்த நாற்காலி காலியாக இருந்தது. மேலாளருக்கோ ஓட்டப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும், ஓட்டம் முடிகிற இடத்தில் புதுத் தலைவரின் பெயரை அறிவிப்பேன் என்று பலகையில் ஒட்டியிருந்தார். பெயர் முத்திரையுடையதுதான் என்று கேண்டீன் வரைக்கும் பேச்சு.

போலி ஷூவை வாங்கி ஏமாந்தவர் தரப் பிரிவுக்குத் தலைவர் என்றால் வாளிகூடச் சிரிக்கும்.

மைத்துனனுக்குப் போன் போட்டார். அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார்.

"ஒரு நண்பருக்காகக் கேக்கிறேன். டூப்பு ஷூ போட்டு ஓடலாமா?"

"ஐயோ மாமா, வேணவே வேணாம்னு சொல்லுங்க. உள்ள மெத்தையே இருக்காது. மொதல்ல குதிகால் போகும், அப்புறம் முட்டி, அப்புறம் இடுப்பு. அடிப்பாகம் வேற ஒரு கிலோமீட்டர்ல பிச்சுக்கும். அது சும்மா போட்டோ எடுத்துக்கத்தான் லாயக்கு."

"குதிகால் எப்ப போகும்?"

"நண்பருக்கு இப்பவே வலிக்குதா மாமா?"

போனை வைத்துவிட்டார். முட்டியும் லேசாக வலிப்பது போல் இருந்தது.

திங்கட்கிழமை ஷூவைப் பையில் போட்டுத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போனார். வாசலில் பையைச் சோதிக்கும் காவலாளி புதியவர். பழைய வேலையிடத்தை மூடிவிட்டதால் இங்கே வந்து சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. அவர் ஷூவை வெளியே எடுத்து, மானைப் பார்த்து, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"சார், இந்த மான் இருக்கே..."

"மானுக்கு என்ன? பையைப் பாத்தாச்சுல்ல? அடுத்த ஆளைப் பாருங்க."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த முறையில் பரிசோதனையைத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். ஷூவுக்குள் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். காற்றுப் போக வேண்டும் என்று வலைத்துணியில் தைத்த ஷூ; ஒழுகியது. அடுத்து உள்ளே கற்களை நிரப்பிக் கொக்கியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டார். கழற்றியபோது ஷூ ஒரு விரற்கடை நீண்டிருந்தது. பதிவேட்டில் எழுதவில்லையே தவிர, மனதில் எழுதிவிட்டார்: ஒழுகுகிறது, இழுபடுகிறது, நிராகரிக்கப்படுகிறது.

சந்தேகம் தீர்ந்தது. இனி மறைக்க வேண்டியதுதான் பாக்கி.

அன்று சாயங்காலம் சவர பிளேடை எடுத்துக்கொண்டு ஐந்தாவது காலைச் சுரண்ட உட்கார்ந்தார். வலது ஷூவில் நன்றாகத்தான் வந்தது. அந்த உற்சாகத்தில் இடது ஷூவில் கொஞ்சம் அழுத்திவிட, இரண்டு கால்கள் சேர்ந்து வந்துவிட்டன. மூன்று கால் மானோடு எப்படி ஓடுவது? பேனா மையால் ஒரு காலை வரைந்தார். மை துணியில் பரவியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இது என்ன, கரடியா?"

"நீ போய் உன் வேலையைப் பாரேன்."

"பேசாம வேற ஒண்ணு வாங்கிடுங்க. யாரு உங்களை மானை எண்ணச் சொன்னா?"

"நீதான்!"

செவ்வாய்க்கிழமை இரண்டு மான்கள் மீதும் கறுப்புப் பட்டை ஒட்டினார். அடுத்து அடிப்பாகம். மைத்துனன் சொன்ன ஒரு கிலோமீட்டர் கணக்கு காதிலேயே நின்றது. தொழிற்சாலையில் வாளிக்குக் கைப்பிடி ஒட்டும் பசை இருந்தது. ஒட்டினால் ஒட்டியதுதான், யானையைக் கட்டி இழுத்தாலும் வராது என்று அவரே முத்திரை குத்திய பசை. ஓரம் முழுக்கத் தடவினார். போதாதோ என்று அடியிலும் பூசினார்.

காலையில் பார்த்தால் ஷூ மரக்கட்டையாக நின்றது. வளைய மறுத்தது. போட்டு நடந்தால் வீடு முழுக்க டொக் டொக் என்று கேட்டது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "குதிரை ஏதாவது வளக்கிறீங்களா?" என்று மரியாதையாகவே விசாரித்தார்.

வளைய வேண்டும் என்றால் வழி ஒன்றுதான். வியாழக்கிழமை இரும்பு ரம்பத்தால் அடிப்பாகத்தைக் குறுக்கே மூன்று இடத்தில் அறுத்தார். இப்போது வளைந்தது. கொஞ்சம் அதிகமாகவே வளைந்தது.

வெள்ளிக்கிழமை வாசலில் காவலாளி அந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, விபத்தில் சிக்கிய சொந்தக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சார், என்ன சார் இது? ஏன் சார் இப்படிப் பண்ணிட்டீங்க? நான் சொல்றதைக் கொஞ்சம்..."

முத்திரை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

காவலாளி பாவம், திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டம் தொடங்கியது. முதல் கிலோமீட்டரில் முத்திரை டொக் டொக் என்று ஓடினார். பக்கத்தில் ஓடியவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். இரண்டாவது கிலோமீட்டரில் டொக் டொக் நின்று சளக் சளக் ஆனது. குதிகால், முட்டி, இடுப்பு மூன்றும் மைத்துனன் சொன்ன வரிசையிலேயே வலித்தன. ஆனாலும் விடவில்லை. பதினெட்டு வருடமாக வாளி வாளியாக எண்ணிப் பார்த்து வாங்கப்போகிற நாற்காலி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார்.

எல்லைக்கோடு தெரிந்தது. கோட்டுக்கு அந்தப்பக்கம், எல்லாருக்கும் முன்னால் ஓடி முடித்த மேலாளர், கையில் ஒரு காகிதத்தோடு நின்றிருந்தார். இன்னும் பத்தே அடி. இடது ஷூ அறுத்த இடத்தில் முறிந்தது. முன்பாதி அடிப்பாகம் எழும்பிப் பறந்து, மேலாளரின் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. பின்னாலேயே முத்திரையும் விழுந்தார்.

மேலாளர் குனிந்தார். விழுந்த வேகத்தில் முத்திரையின் காலில் இருந்த ஷூவின் கறுப்புப் பட்டை கழன்றிருந்தது.

"இது என்ன மிருகம்?"

முத்திரைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினார். நடைபாதை, ஐந்து கால், பிளேடு, மை, பசை, ரம்பம். "ஏமாந்துட்டேன் சார். போலின்னு தெரிஞ்சும் மறைச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க." கைதட்டத் தயாராக நின்ற கணக்குப் பிரிவுக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

மேலாளர் காகிதத்தை மெதுவாக நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முத்திரையின் கண் அந்தக் காகிதத்தோடு பைக்குள் போனது.

"ஒரு மானுக்கு எத்தனை காலுன்னு பாத்து வாங்கத் தெரியல. உங்களை நம்பி நான் எப்படி ஒரு பிரிவையே குடுக்கிறது?" என்றார் மேலாளர். பிறகு தன் வலது காலை ஒரு கல்லின் மேல் தூக்கி வைத்தார். "எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. நானும் மான் மார்க்தான். எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு! கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு வாங்கணும். அதுக்குப் பேருதான் தரம்."

எல்லாரும் எண்ணினார்கள். நான்கேதான். யாரோ கைதட்டவும் செய்தார்கள்.

ஓடி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த காவலாளி வாளியைக் கீழே வைத்துவிட்டு, முத்திரையின் அருகில் வந்து குந்தினார்.

"சார், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இப்ப வாயைத் திறக்கலாமா?"

முத்திரை தலையை மட்டும் ஆட்டினார்.

"மான் மார்க் கடை வாசல்ல பதினாறு வருஷம் காவலுக்கு நின்னவன் சார் நானு. போன மாசம்தான் அதை மூடினாங்க, மிச்ச சரக்கு நடைபாதைக்கு வந்துச்சு. அந்த மான் முதலாளியோட பொண்ணு அஞ்சு வயசுல வரைஞ்சது, காலை மாத்தவே கூடாதுன்னுட்டாரு, டூப்பு அடிக்கிறவங்கதான் அதைத் தப்புன்னு நினைச்சுத் திருத்திடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்த காவலாளி, கல்லின் மேல் இருந்த ஷூவைப் பார்த்துவிட்டு, தொழில் பழக்கத்தில் எழுந்து விறைப்பாக நின்றார். "நாலு கால் மானைப் போட்டுட்டு யாரு வந்தாலும், வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிடணும்னுதான் சார் எனக்கு உத்தரவு."