வைப்பருக்கு ஒன்பது நாள்

"பிரேக் பெடல் உள்ள போகுது தம்பி. பாதி தூரம் போயிட்டு, அப்புறம்தான் யோசிச்சு நிக்குது" என்றார் காரைக் கொண்டுவந்த தொப்பிக்காரர்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க ஐயா" என்றான் மெக்கானிக்.

தொப்பிக்காரர் மெதுவாகப் பேசி என்ன பிரயோஜனம்? கார் சத்தமாகப் பேசியது. பானெட்டுக்குள் இருந்த பிரேக் பம்ப் பத்து விநாடிக்கு ஒருமுறை 'கிர்ர்' என்று உறுமிவிட்டு அடங்கியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வேறு. போன வாரம் இந்தக் காருக்கு பிரேக் ஆயில் மாற்றி, "இனி மூணு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியதே அவன்தான்.

அவன் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தான். உள்ளே முதலாளி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே கரும்பலகை. மேலே 'திரும்பி வந்த வண்டிகள்' என்று எழுதி, கீழே ஒவ்வொருவர் பேருக்கும் நேராகச் சாக்பீஸ் கோடு. மெக்கானிக்குக்கு ஏற்கனவே இரண்டு கோடு.

"மூணாவது கோடு விழுந்தா வீட்டுக்குப் போகலாம்" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான். அப்படிப் போன வருஷம் இரண்டு பேர் போயே விட்டார்கள்.

வீட்டுக்குப் போவதில் அவனுக்கு ஆசைதான். ஆனால் வீடு கடல் தாண்டி இருந்தது. நாலு வருஷமாக அதை அவன் போனில்தான் பார்க்கிறான். மாசக் கடைசியில் முதலாளி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் மனைவியும் மகளும் இங்கே வந்துவிடலாம். கோடு விழுந்தால் கடிதம் கிடையாது.

"ஐயா, கம்ப்ளெயின்ட் பேப்பர்ல பிரேக்குன்னு எழுதாதீங்க."

"வேற என்ன எழுதறது?"

"வைப்பர்னு எழுதுங்க. கீச்சுனு சத்தம் வருதுன்னு."

"வைப்பர் நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும் ஐயா. பாவம், அதுவும் எத்தனை நாள்தான் ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லாம இருக்கும்?"

தொப்பிக்காரர் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து 'வைப்பர், கீச்சு' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதுவரை அவனுக்குத் தெரிந்தது. காற்றை எடுக்க என்ன செய்வது? பெடலை மிதித்து மிதித்து விடவேண்டும். இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறான். போன வாரம் சரியாக மிதிக்கவில்லை போலிருக்கிறது. இந்தத் தடவை கால் வலிக்கும்வரை மிதித்தான்.

அதுவரை பெடல் பாதி தூரம் போய் நின்றுகொண்டிருந்தது. இப்போது தரைவரை போனது. மஞ்சள் விளக்குக்குத் துணையாகச் சிவப்பு விளக்கும் வந்தது.

இது பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார், அவனுக்கு அது தெரியாது. அதுதான் விஷயம். அந்த வேலை பார்த்தவர் விட்டுப்போனபோது, "உனக்குத் தெரியுமா?" என்று முதலாளி கேட்டார். "அத்துப்படி சார்" என்று சொல்லிவிட்டான். இனிமேல் போய் எதைக் கேட்பது?

மறுநாள் மத்தியானம் தொப்பிக்காரர் வந்தார். ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கார் சீட்டில் உட்கார்ந்தார்.

"ஆயிடுச்சா தம்பி?"

"ஆயிட்டே இருக்குங்க."

"எங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவருக்கு வண்டி விஷயம் கொஞ்சம் தெரியும். பெடலை மிதிச்சு காத்து எடுத்தாரான்னு கேட்டார்."

"ஏன், பின்ன கைய வச்சு அமுக்குவாங்களா? வேலை தெரியாதவங்க எல்லாம் வாய்ல ரிப்பேர் பாப்பாங்கன்னு சொல்லுங்க."

"வார்த்தை மாறாம சொல்லிடறேன்" என்றார் தொப்பிக்காரர். முகத்தில் ஏதோ பலகாரம் கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம்.

அன்று சாயங்காலம் சாவியை 'ஆன்' நிலையிலேயே விட்டுவிட்டு மெக்கானிக் ரூமுக்குப் போய்விட்டான். பம்ப் ராத்திரி பூராவும் பத்து விநாடிக்கு ஒருமுறை உறுமி, சின்ன பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. காலையில் கார் பிணம் மாதிரி கிடந்தது. கியர் 'பார்க்'கில் பூட்டிக்கொண்டது. நகர்த்தலாம் என்றால் முன் சக்கரம் அசையவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அதைச் சுற்றி மற்ற கார்கள் ஹார்ன் அடித்தன.

முதலாளி வெளியே வந்தார். "என்ன வேலை இதுக்கு?"

"வைப்பர் சார்."

"வைப்பருக்குப் பேட்டரி போகுமா?"

"வேகமா ஓட்டிப் பார்த்தேன் சார்."

முதலாளி உள்ளே போனார்.

வேறொரு பேட்டரியை மாட்டி காரை எழுப்பினான். அது எல்லாவற்றையும் மறந்து எழுந்தது. டாஷ்போர்டில் எரியக்கூடிய விளக்கு அத்தனையும் எரிந்தது. 'பீப்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்து நிற்கவே இல்லை. பக்கத்தில் வேலை பார்த்த பெயின்டர், "கல்யாண வீடு மாதிரி இருக்குண்ணே. எப்ப சாப்பாடு?" என்றான்.

ஐந்தாம் நாள். தொப்பிக்காரர் வழக்கமான சீட்டில் இருந்தார்.

"பக்கத்து வீட்டுக்காரர் வேற ஒண்ணு சொன்னார். இந்த வண்டியில கால் வெறும் மனுதான் கொடுக்குதாம். உத்தரவு போடறது கம்ப்யூட்டராம். அதனால அந்தக் கம்ப்யூட்டரோட பேசற ஸ்கேனரை மாட்டி, ஒவ்வொரு சக்கரமா அது சொல்ற வரிசையிலதான் காத்தை எடுக்கணுமாம்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அந்த ஆள் சொன்னது சரி என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. அதனாலேயே கோபம் வந்தது.

"ஸ்கேனர் முதலாளி ரூம்ல இருக்கு ஐயா. வைப்பருக்கு ஸ்கேனர் வேணும்னு போய்க் கேட்டா சிரிப்பாங்க. அவர் சிரிக்கவும் மாட்டார். சிரிச்சா பல்லு கொட்டிடும்னு பயப்படற ஆளு அவர். மனுஷன் இல்லீங்க, கல்லு."

"இதையும் சொல்லட்டுமா?"

"யார்கிட்ட?"

"பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட."

"தாராளமாச் சொல்லுங்க. எனக்கென்ன பயம்?"

தொப்பிக்காரர் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் சம்சாரம் போனதுக்கப்புறம் இப்பதான் தம்பி இப்படிச் சிரிக்கிறேன்" என்றார். "வீட்ல ஃப்ரிட்ஜ் சத்தம் ஒண்ணுதான். அது நின்னா எனக்கே திக்குனு இருக்கும்."

மெக்கானிக் தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை அவர் பக்கம் தள்ளினான். இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். 'பீப்' மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

அப்போது போன் வந்தது. மகள். விட்டுவந்தபோது எட்டு வயசு. இப்போது பன்னிரண்டு.

"அப்பா, அங்க ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இருக்குடா."

"வெளிய என்ன தெரியும்?"

அவன் ரூம் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிச் சுவர்தான் தெரியும். "நீ வந்து பாரு" என்றான்.

"கையெழுத்து ஆயிடுச்சான்னு அம்மா கேக்கறாங்க."

"ஆயிடும்டா."

போனை வைத்தபோது தொப்பிக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கையெழுத்து தம்பி?" என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவன் அவரிடம் சொன்னான். கரும்பலகை, இரண்டு கோடு, 'அத்துப்படி சார்', சுவர் தெரியும் ஜன்னல், எல்லாம்.

மறுநாள் மத்தியானம் அதிசயமாக முதலாளி வெளியே சாப்பிடப் போனார். கண்ணாடி அறைக் கதவு பூட்டவில்லை. மேஜைமேல் ஸ்கேனர், முழு சார்ஜோடு. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது மெக்கானிக்குக்கு. திருடன் மாதிரி நுழைந்து எடுத்துவந்தான். முதல் நாள் ஸ்கேனரின் கேள்விகளுக்கே பதில் தெரியவில்லை. அடுத்த நாளும் முதலாளி வெளியே சாப்பிட்டார். அதற்கடுத்த நாளும்.

ஒன்பதாம் நாள், கம்ப்யூட்டர் சொன்ன வரிசையில், கடைசிச் சக்கரத்தின் குழாயிலிருந்து கடைசிக் குமிழி வெளியே வந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 'பீப்' நின்றது. பெடல் கல் மாதிரி நின்றது. பம்ப் ஒருமுறை உறுமிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

முதலாளி வெளியே வந்து காரைச் சுற்றி நடந்தார். "வைப்பருக்கு ஒன்பது நாளா?"

"மழைக்காலம் வருதுல்ல சார். ஒழுங்காப் பார்த்துடலாம்னு..."

"ம்" என்றார். கரும்பலகையைக் கடந்து போனார். சாக்பீஸைத் தொடவில்லை.

தொப்பிக்காரர் 'வைப்பர் பிரமாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டவர் உடனே கிளம்பவில்லை. அந்தப் பழைய சீட்டில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்.

"வண்டில எதுவும் இல்லேன்னாலும் வாங்க ஐயா" என்றான் மெக்கானிக்.

"வர்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"அந்த வாயாடி சொன்னது சரிதான்னு சொல்லிடுங்க."

மாசக் கடைசியில் முதலாளி கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, போ என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். மனைவி போனில் அழுதாள். அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி வருவதாக முடிவானது.

அதைச் சொல்ல அவனுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் வரவில்லை. தினமும் மத்தியானம் வாசலைப் பார்த்தான். டிபன் பாக்ஸில் பாதியை மீதி வைத்துப் பார்த்தான். நடுவில் முதலாளியும் மூன்று நாள் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கார் வந்தது. ஓட்டிவந்தது ஒரு பெண்.

"நான் அவரோட பொண்ணு. அப்பா போன வாரம் தவறிட்டார்."

மெக்கானிக் காரைப் பார்த்தான். "பிரேக்கா?" என்றான்.

"இல்லைங்க. தூக்கத்துலயே போயிட்டார். வண்டிக்கு ஒண்ணும் இல்லை. நான் ஊருக்கு எடுத்துட்டுப் போறேன். தூரம் அதிகம், ஒரு தடவை பார்த்துக் கொடுங்க."

அவன் பானெட்டைத் திறந்தான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அழுவதற்கு மறைவாக இருந்தது. வெகுநேரம் கழித்து நிமிர்ந்தான்.

"உங்கப்பாகிட்ட ஒரு பொய் எழுத வச்சேங்க. வைப்பர்னு."

"தெரியும்" என்றாள் அவள். "அந்த ஒன்பது நாளும் போன்ல இதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சாயங்காலம் ஆனா பக்கத்து வீட்டுக்குப் போய், நீங்க சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டு வருவாராம்."

"அவரை நான் பார்க்கணுங்க. முன்னபின்ன தெரியாதவரைக் கண்டபடி பேசிட்டேன். அவர் மட்டும் சொல்லித் தரலேன்னா என் குடும்பம் இங்க வர முடியாது. அவர் வீடு எங்கன்னு சொல்லுங்க, கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுடறேன்."

அவள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"வீட்டுக்கு எதுக்குப் போகணும்? அதோ, அந்தக் கண்ணாடி ரூம்ல நம்மளைப் பார்க்காம திரும்பி உட்கார்ந்து அழுதுட்டிருக்காரே, அவர்தானே எங்க பக்கத்து வீடு."