நாலாவது வரிசையில் ஒரு கழுத்து

ஒரு தட்டு தரையில் விழுந்து, சுழன்று, வரவர வேகமாகச் சுழன்று, சட்டென்று அடங்கிய சத்தம். தையற்காரருக்கு அப்போது எட்டு வயது. தேர்தல் பேச்சு முற்றிப்போய்ச் சித்தப்பா வீசிய தட்டு அது. அதற்கப்புறம் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த வீட்டில் முப்பது வருஷம் இருந்து, பேசாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

அதனால், தன் வீட்டுக்குள்ளேயே அரசியல் புகுந்தபோது தையற்காரருக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது.

கடைத்தெருவில் வண்டிகளைத் தடை செய்துவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் விடலாமா என்று நகரசபை கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அன்றே கை தூக்கி முடிவு. 'வண்டி வேண்டும்' என்று வியாபாரிகள் சார்பில் பேசத் தையற்காரரைப் பிடித்திருந்தார்கள். எதிர்த்தரப்பில் பேசப்போவது ஆஸ்பத்திரி நர்ஸ். நர்ஸ் வேறு யாருமில்லை, அவர் மனைவி.

சாப்பாட்டு மேசையிலேயே ஆரம்பித்துவிட்டது.

"வண்டி வரலேன்னா கடைக்கு யாரு வருவா? கல்யாணத் துணியை மூட்டை கட்டித் தலையிலயா தூக்கிட்டு வருவாங்க?"

"வாரத்துக்கு ரெண்டு முழங்காலுக்குக் கட்டுப் போடறேங்க. எல்லாம் உங்க தெருவில அடிபட்டது. அதைப் பத்தி..."

"என்னைப் பேச விடு!"

"நீங்க என்னை விட்டீங்களா?"

அவள் தட்டை நகர்த்தினாள். லேசாகத்தான். அது மேசையில் உரசிய சத்தத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடையில் அளவெடுக்கும்போது யோசனை பிறந்தது. அளவெடுத்த உடனே அவர் துணியை வெட்டமாட்டார். மார்பு நாற்பது, தோள் பதினெட்டு என்று எழுதியதைச் சத்தமாகத் திருப்பிப் படிப்பார். வாடிக்கையாளர் தலையாட்டிய பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பார். ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. அரசியல் மட்டும் என்ன, சட்டையைவிடப் பெரிதா?

வீட்டுக்கு வந்து சட்டம் போட்டார்.

"இனிமே நாகரிகமாப் பேசறோம். குறுக்கே பேசக் கூடாது. நீ சொன்னதை நான் திருப்பிச் சொல்லணும். சரிதான்னு நீ தலையாட்டணும். அப்புறம்தான் என் பதில். உனக்கும் அதேதான். கூட்டத்திலயும் இப்படித்தான்."

அவளால் நாலு வாக்கியம் பொறுமையாகக் கேட்க முடியாது, இரண்டே நாளில் கையைத் தூக்கிவிடுவாள் என்பது அவருடைய உள்கணக்கு.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நல்ல சட்டம்தான்," என்றாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

அவர் தரப்பை அவள் முதல் தடவையிலேயே திருப்பிச் சொன்னாள். சுமை தூக்க முடியாத வயசாளிகள், சரக்கு இறக்கும் வண்டி, போன வருஷம் மூடிய செருப்புக்கடை என்று அவர் மறந்ததையும் சேர்த்துச் சொன்னாள். கேட்கக் கேட்க, தான் இவ்வளவு நியாயமானவனா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தலையாட்டினார்.

அவர் முறை வந்தது.

"நடக்கறவங்களுக்குப் பாதுகாப்பு வேணும்கிற. அவ்வளவுதானே?"

"இல்ல."

"இல்லையா?"

"அது பாதிதான். கட்டுப் போட்டது யார் முழங்காலுக்கு?"

"யாருக்கு?"

"இரும்புக்கடைக்காரரோட மகளுக்கு. மறுபடி சொல்லுங்க."

ஐந்து நாள் இப்படியே போயிற்று. பொத்தான் தைக்கும்போதும் அவள் வாதத்தை முணுமுணுத்தார். ஒரு வாடிக்கையாளரிடம் மார்பளவுக்குப் பதில் அடிபட்ட முழங்கால்களின் எண்ணிக்கையைப் படித்தார். வியாழக்கிழமை, தான் எந்தப் பக்கம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. சனிக்கிழமைதான் அவள் தலையாட்டினாள்.

ஞாயிறு காலை கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். பின்னால் அவள் ஏதோ சொன்னாள். "ம்ம்," என்றார்.

கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம். தையற்காரர் எழுந்தார்.

"பதில் சொல்றதுக்கு முன்னால, அந்தப் பக்கத்து நியாயத்தைச் சரியாச் சொல்லிடறேன்."

சொன்னார். சொல்லிவிட்டு நாலாவது வரிசையைப் பார்த்தார். மனைவி தலையாட்டவில்லை. எதையோ விட்டுவிட்டோம் என்று நினைத்து இன்னும் விளக்கமாகச் சொன்னார். தலை அசையவில்லை.

"ஐயா, நம்ம பக்கம் பேசுங்க!" என்று கத்தினார் இரும்புக்கடைக்காரர்.

"இருங்க, அளவு இன்னும் முடியல," என்ற தையற்காரர், அவருடைய மகளின் முழங்காலுக்கு வந்தார். எத்தனை தையல், எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னார். இரும்புக்கடைக்காரர் மெல்ல உட்கார்ந்துவிட்டார். மூன்று நிமிஷம் முடிந்ததென்று மணி அடித்தது. கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது.

அடுத்து அவள். ஒரு நிமிஷம் வியாபாரிகள் பக்கத்தைச் சொன்னாள். அந்த வரிசை முழுக்கத் தலையாட்டியது. மீதி இரண்டு நிமிஷத்தில் பதில் சொன்னாள். சரக்கு வண்டி காலை எட்டு மணி வரை வந்து போகட்டும் என்று விட்டும் கொடுத்தாள். வண்டி வேண்டாம் என்று கைகள் உயர்ந்தன. தையற்காரரின் கையும் மேலே இருந்தது. எப்போது தூக்கினோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

வீட்டில் கேட்டார். "நான் சரியாச் சொல்லலையா?"

"அட்சரம் பிசகாம சொன்னீங்க."

"அப்புறம் ஏன் தலையாட்டல?"

"கழுத்துச் சுளுக்குங்க. அசைக்க முடியலன்னு காலையிலேயே சொன்னேனே. நீங்கதான் 'ம்ம்'னீங்க."

சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். கழுத்து நன்றாகவே திரும்பியது. மேசையில் இரண்டு தட்டுகளும் சத்தமில்லாமல் இருந்தன.

தெருவுக்குள் வண்டி நுழையாமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு அமைத்தார்கள். இன்று வரை அதன் செயலாளர் தையற்காரர்தான்.