பார்வையற்ற வாள் ஆசானின் காலம்

எதற்கும் தேதி போட்டு வைக்கிறவன் நான். சிலிண்டர் மாற்றிய நாள், செருப்பு வாங்கிய நாள் எல்லாம் டைரியில் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தேதி சொல்ல மாட்டேன். (டைரியில் இருக்கிறது. பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.)

மயிலாப்பூரில் எங்கள் வரலாற்று வட்டம் மாதம் ஒருமுறை கூடும். அந்த மாதம் நான் வாசிக்கும் கட்டுரை தேறினால் ஆண்டுமலருக்கு நான்தான் ஆசிரியர் என்று செயலாளர் சொல்லியிருந்தார். இருபத்தாறு வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது.

பொருள் தேடி அலைந்தபோது, தி. நகரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த நண்பன் சேகரின் மேசையில் நாலு தாள்கள் கிடந்தன. மார்தன் என்ற பார்வையற்ற வாள் ஆசானின் வரலாறு, ஆங்கிலத்தில். காலடி ஓசையை வைத்தே எதிரியின் கழுத்து எங்கே என்று கண்டுபிடித்துவிடுவாராம்.

"இது என்னடா?"

"அதுவா? பழசு மச்சி. முடிஞ்சி பூட்ச்சி. வேணும்னா எட்த்துக்கினு போ."

பழசு. முடிந்தது. வரலாற்றுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

மார்தன் என்பது மார்த்தாண்டன்தான் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். பெயர்களின் பக்கத்தில் ஹெச்.பி. என்று ஓர் எண் இருந்தது. ஹிஜ்ரி போல அதுவும் ஓர் ஆண்டுக்கணக்கு. 'லெவல் 4' என்றால் அகழாய்வில் நாலாவது மண்ணடுக்கு. ஒரே சிக்கல், ஆசானுக்கு ஹெச்.பி. 640, சீடனுக்கு 210. குரு பிறப்பதற்கு நானூறு ஆண்டு முன்பே சீடன் பாடம் முடித்திருக்கிறான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஆய்வாளர்கள் வழக்கமாகப் போடும் மருந்தைப் போட்டேன்: ஒரே பெயரில் இருவர் இருந்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசித்து முடித்ததும் நல்ல கைதட்டல். அப்போது அடையாறிலிருந்து வரும் ஜானகி மாமி எழுந்தார். வங்கி அதிகாரி, அதிர்ந்து பேசாதவர்.

"நன்னா இருந்தது. ஒரு சின்னத் திருத்தம். அந்த மார்தனை நேத்து சாயங்காலம் நான் கொன்னுட்டேன்."

மார்தன் இறந்த ஆண்டை என் தாள்களில் தேடினேன்.

"யாரைக் கொன்னேள்?" என்றார் செயலாளர்.

"மார்தனைத்தான். எங்காத்து கம்ப்யூட்டர்ல. அது கேம். ஓடினா சத்தத்தை வச்சு வெட்டிடுவார். பூனை மாதிரி நடந்துண்டே போய்க் குத்தணும். ஹெச்.பி.ங்கறது வருஷம் இல்லேப்பா, உசிரு. சீரோ ஆச்சுன்னா ஆள் காலி."

எனக்கு அந்த வினாடியே சீரோ.

செயலாளருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. "அப்போ அந்த ரெண்டாவது மார்த்தாண்டன்?"

"ஒருத்தரே இல்லேங்கறேன். ரெண்டாவதா?"

மலருக்கு மாமி ஆசிரியரானார். சேகரிடம் சண்டைக்குப் போனேன். "அது கேம் ஆட்றதுக்கு கைடுப்பா. நான் கேமை முட்சிட்டேன்னு சொன்னேன். நீ போய் மைக்ல பேசுவேன்னு யார் கண்டா?" என்றான்.

என் கல்யாணத்துக்கு வந்த மாமி, மணப்பெண்ணிடம் இதை ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டுத்தான் பந்திக்குப் போனார். அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறேன். நேற்றுகூடக் கறிவேப்பிலை வாங்காமல் வீடு திரும்பினேன். மகள் கேட்டாள்: "காலைல வாங்கிண்டு வரேன்னு சொன்னியேப்பா?"

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "அவரைக் கேக்காதே. சொன்னவர் வேற. ஒரே பேர்ல ரெண்டு பேர்."