சாக்ஸ் ஒறுத்தல்

இனி ஆயுசுக்கும் மனைவி கிறிஸ்டினாவின் கண்ணில் தன் கால் படக் கூடாது என்று பிரிட்டோ முடிவெடுத்தது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று. நெற்றியில் பூசிய சாம்பல் இன்னும் அழியவில்லை.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, அவன் தன் கணுக்காலைத் தேடிக்கொண்டிருந்தான். அப்படி ஒன்று இருந்தால்தானே கிடைக்கும்? முட்டிக்குக் கீழே வாழைத்தண்டு மாதிரி ஒரே பருமனில் இறங்கி, அப்படியே பாதமாகிவிட்டிருந்தது. கட்டைவிரலால் அமுக்கினான். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி போகவில்லை. "மேல வா, மேல வா" என்று கெஞ்சிப் பார்த்தான். பதினெட்டு எண்ணும்வரை அது வரவில்லை.

காரணம் தெரியாதவனில்லை. தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து போவான். அங்கே பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அந்தக் களைப்போடு மறுபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வருவான். நடுவில் எழுந்தால் ஆபத்து. ஐந்து நிமிடம் கம்ப்யூட்டரைத் தொடாவிட்டால், திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மஞ்சள் புள்ளிக்காரர்கள் இரண்டு பேரைப் பொங்கல் முடிந்த கையோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதனால் பிரிட்டோ தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. குடித்தால் எழ வேண்டியிருக்கும். அவன் வீட்டில் முதல் பட்டதாரி. ஒரு குடும்பமே அந்தப் பச்சைப் புள்ளியின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஆனால் கதவைத் தாழிட்டது நாற்காலிக்குப் பயந்து அல்ல. இறந்துபோன அப்பாவின் ஞாபகத்துக்குப் பயந்து.

தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய அப்பா மிக்கேலுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அப்போது பிரிட்டோ கடைசி வருடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் அப்பா செருப்பைக் காலில் நுழைக்க முடியாமல் வாசலில் தடுமாறினார். "மழையில நனைஞ்சு சுருங்கிடுச்சுடா. நீ படி" என்றார். அது ரப்பர் செருப்பு. ரப்பர் மழையில் சுருங்காது என்று இன்ஜினியரிங் படித்தவனுக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்து படித்தான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதென்று மூன்று மாதம் கழித்து டாக்டர் சொன்னபோது, அவன் கையில் வேலைக்கான உத்தரவு இருந்தது. அப்பாவின் கையில் ஊசி இருந்தது.

காலைக் காட்டினால் டாக்டர். டாக்டர் என்றால் ரத்தப் பரிசோதனை. அதற்கப்புறம் அந்த வார்த்தை. காட்டாவிட்டால் ஒன்றுமே இல்லை. இதுதான் பிரிட்டோவின் திட்டம். சாக்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

கிறிஸ்டினா கோயிலை ஒட்டிய பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முப்பத்தெட்டு பிள்ளைகளின் வயிற்று வலியை முகத்தைப் பார்த்தே தரம் பிரிப்பவள்.

"என்னங்க இது, வீட்டுக்குள்ள சாக்ஸு?"

"தவக்காலம் தொடங்கிடுச்சில்ல? ஒறுத்தல்."

"கறி சாப்பிடாம இருப்பாங்க, டீ குடிக்காம இருப்பாங்க. நீங்க எதை ஒறுக்கறீங்க?"

"காத்தை. காலுக்குக் காத்து படாம."

"நாற்பது நாளும்?"

"நாற்பது நாளும்."

"படுக்கும்போதுமா?"

"தவம்னா என்ன, ஷிப்ட் வேலையா? ராத்திரியும் உண்டு."

"ஊரே செருப்பைக் கழட்டிட்டு நடக்குது. நீங்க ஒருத்தர்தான் மாட்டிக்கிட்டு உட்காரறீங்க."

கிறிஸ்டினா அவன் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். "சரி, துவைச்சாவது போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பப் போனாள்.

பிரிட்டோவால் நம்பவே முடியவில்லை. கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவன் ஜெயித்த முதல் வழக்கு அது.

மார்ச் வந்தது. வெயில் மொட்டைமாடியில் அப்பளம் பொரித்தது. சாக்ஸுக்குள் பிரிட்டோ வெந்தான். இரண்டு தடவை கிறிஸ்டினா, "கோயில் ஹால்ல ஃப்ரீ மெடிக்கல் கேம்ப் போடறாங்க, சும்மா போயிட்டு வருவோமா?" என்று கேட்டாள். முதல் தடவை தலைவலி என்றான். தலைவலிக்கும் அங்கே மாத்திரை உண்டு என்றாள். தலைவலி உடனே போய்விட்டது என்றான். இரண்டாவது தடவை தூங்கிவிட்டதாக நடித்தான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

தவக்காலத்தின் கடைசி ஞாயிறான குருத்து ஞாயிறன்று மாலை ஏசுபாதம் அண்ணன் வந்தார். அந்தத் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு அவர்தான் தலைவர். வந்தவர் பிரிட்டோவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"தம்பி, உங்களை நினைச்சா எனக்கு வெக்கமா கீது. வெத்தலையை விடறேன்னு சொல்லிட்டு நாலாம் நாளே போட்டுட்டேன். நீங்க நாற்பது நாளா காலுக்கு ஒறுத்தல்!"

"யார் சொன்னது, அண்ணா?"

"நம்ம கிறிஸ்டினா தங்கச்சிதான் ஜெபக் கூட்டத்துல சாட்சி சொல்லுச்சு. நாலு பேரு அழுதுட்டாங்க. பெரிய வியாழன் பாதம் கழுவறதுக்கு நம்ம அன்பியத்துல இருந்து உங்க பேரைக் குடுத்தாச்சு."

பிரிட்டோ சாக்ஸ் காலை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டான். இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அன்றைய பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். பீடத்துக்கு முன்னால். ஊரே பார்க்க. வெறுங்காலை.

"அன்னைக்கு எனக்கு ஆபீஸ், அண்ணா."

"லீவு கிடைச்சிடுச்சுன்னு நேத்து சொன்னீங்களே" என்றது சமையலறை.

"எனக்கு அந்தத் தகுதி இல்ல, அண்ணா."

"இதையேதான் பேதுருவும் சொன்னாரு. அவரு காலையும் கழுவினாங்க."

பேதுருவுக்கே நடக்காதது பிரிட்டோவுக்கா நடக்கப் போகிறது? ஆனால் பிரிட்டோ இன்ஜினியர். சடங்கில் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்தான். அவர்கள் கோயிலில் வலது காலை மட்டும்தான் கழுவுவார்கள். வியாழன் காலையிலிருந்து வலது காலை மட்டும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"ஏன் ஒத்தைக் கால் மட்டும் மேல போகுது?"

"யோகா."

"இன்னொண்ணு?"

"அது அடுத்த வாரம்."

சாயங்காலம் வலது கால் ஏதோ ஒரு காலைப்போலவே இருந்தது. இடது காலைச் சாக்ஸுக்குள் பத்திரமாகப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான்.

பன்னிரண்டு நாற்காலிகளில் அவனுடையது கடைசி. பாடல் குழு பாடிக்கொண்டிருந்தது. ஃபாதர் ஜோனத்தான் ஒவ்வொருவராக மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றி, துவட்டி, முத்தமிட்டு வந்தார். பிரிட்டோவின் முன்னால் மண்டியிட்டவர் ஒரு வெறுங்காலையும் ஒரு சாக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாற்பது நாள் ஒறுத்தல் பண்ணின தம்பி நீதானா?"

"ஆமா, ஃபாதர்."

"இன்னையோட தவக்காலம் முடிஞ்சுது. அதையும் கழட்டு."

பீடத்துக்கு முன்னால் யாரிடம் வாதாட முடியும்? கழற்றினான். ஃபாதர் இரண்டு கால்களையும் கையில் எடுத்தார். இடது காலை எடுத்த கை அப்படியே நின்றது. கட்டைவிரலால் மெல்ல அமுக்கினார். குழி விழுந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கி நின்றதைப் பிரிட்டோவும் பார்த்தான், அவரும் பார்த்தார். அதே நேரம் பார்த்துப் பாட்டு முடிந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" அவர் மெதுவாகத்தான் கேட்டார். காலரில் மைக் இருந்தது. கேள்வி கோயில் முழுவதும் கேட்டது.

"நாற்பது நாளா, ஃபாதர்." பதிலும் கேட்டது.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

ஆபீஸ் என்றால் ஆயிரம் பதில் சொல்லியிருப்பான். இங்கே பொய் ஒன்றும் வரவில்லை. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு, ஃபாதர்" என்றான். "அதான் பயம்."

ஃபாதர் அந்த வீங்கிய காலைத் துவட்டினார். மற்றவர்களுக்குத் துவட்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

"சனிக்கிழமை போயிடு, தம்பி."

"போயிடறேன், ஃபாதர்."

சனிக்கிழமை முடிச்சூர் ரோடு கிளினிக்கில் காலையில் ரத்தம் எடுத்து, இ.சி.ஜி.யும் பார்த்தார்கள். மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் பட்டாபிராமன் அதைப் படித்த அந்த ஒரு நிமிடத்தில் பிரிட்டோ அப்பாவின் ரப்பர் செருப்பை நூறு தடவை பார்த்தான்.

"கிட்னி நல்லா இருக்கு. இதயமும் நல்லா இருக்கு. உங்க நாற்காலிதான் ஆகாது. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. தண்ணி குடிங்க. உப்பைக் குறைங்க."

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

பிரிட்டோ எழாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். சந்தோஷத்தில் அல்ல. இதே மாதிரி ஒரு நாற்காலியில் அப்பாவையும் உட்கார வைத்திருக்கலாம். சீக்கிரமே. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

வெளியே வந்ததும் கிறிஸ்டினா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் பிரிட்டோவை முறைத்தார்கள்.

"அழாத கிறிஸ்டி. அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே. உனக்கே முந்தாநாள்தானே தெரியும்."

"யாரு சொன்னது? திருநீற்றுப் புதன் ராத்திரியே சாக்ஸை இறக்கிப் பார்த்தேன். தினமும் நீங்க தூங்கினப்புறம் அமுக்கிப் பார்த்துட்டு, எத்தனை எண்ணினா குழி போகுதுன்னு எண்ணிட்டுத்தான் படுப்பேன்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா ஒண்ணுமில்லன்னுவீங்க. வீட்டுல எத்தனை பொய் வேணும்னாலும் சொல்லுவீங்க. பீடத்துக்கு முன்னால வாய் வராது. அதான் அங்க கொண்டுபோய் உட்கார வெச்சேன்."

பிரிட்டோ ரோட்டோரத்தில் நின்று, மனசாரச் சொன்னான்: "இனிமே உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன், கிறிஸ்டி. சத்தியமா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

"நீங்க எங்க மறைச்சீங்க? இந்த நாற்பது நாளும் மறைச்சவ நான்."