ஆறடிக்கு ஆறடி இ-சிம்

ஒரு போனுக்குள் இருக்கிற படத்தை அதே போனின் கேமராவுக்கு எப்படிக் காட்டுவது என்று நூல் மேஸ்திரி ஒரு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தார். தன் முதுகைத் தானே சொறிந்துகொள்ளலாம், தன் முழங்கையைத் தானே கடிக்க முடியாது. இது இரண்டாவது ரகம் என்று அவருக்கு மெல்லத்தான் விளங்கியது.

அவர் டைல்ஸ் ஒட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் இதுதான் முதல் வெளிநாட்டு வேலை. விமானத்திலிருந்து இறங்கி, பெட்டியைக்கூடத் திறக்காமல் நேராக இந்தப் புது வீட்டுக் குளியலறைக்கு வந்திருந்தார். கறுப்பிலும் வெள்ளையிலும் இரண்டு அங்குலச் சதுர டைல்ஸ் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. பசை இருந்தது, கரணை இருந்தது. எதை எங்கே ஒட்டுவது என்கிற டிராயிங் மட்டும் இல்லை. அது போனில் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

காண்ட்ராக்டர் காரில் வரும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்காரம்மா பார்க்க வருகிறார். அந்த அம்மாவுக்குச் சொந்தமாக ஓட்டல் ஒன்று இருக்கிறது, அதில் நாற்பது குளியலறைகள்.

“இந்தத் தரை அவங்களுக்குப் பிடிச்சா நாப்பதும் உங்களுக்கு. பிடிக்கலேன்னா நாளைக்குக் காலையில ஃபிளைட்டு,” என்றார்.

இந்த ஊர் சிம் ஒன்று வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டார் பாவம். அங்கேதான் மேஸ்திரியின் நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது.

“அதெல்லாம் பழைய காலங்க. என்கிட்ட இ-சிம் இருக்கு. கையில பிடிக்கவே முடியாது, காத்துல வரும்.”

இந்தப் பெருமைக்கெல்லாம் காரணம் மனைவியின் தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான். வழியனுப்ப வந்த இடத்தில், வண்டி நகர்கிற நேரத்தில், தன் போனிலிருந்து கட்டம் கட்டமான கியூஆர் கோடு படம் ஒன்றை அவசரமாகத் தட்டிவிட்டான். இறங்கியதும் இதைக் கேமராவில் காட்டுங்கள் மாமா, இண்டர்நெட் ஓடி வரும் என்றான். எந்தக் கேமராவில் என்று மாமாவும் கேட்கவில்லை, மச்சானும் சொல்லவில்லை.

முதலில் கண்ணாடியில் முயன்றார். மாட்டுவதற்காகச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடி முன்னால் போனை நீட்டினார். படம் தெரிந்தால் கேமரா இல்லை, கேமராவைத் திறந்தால் படம் இல்லை. தூக்கமில்லாத ஒரு மேஸ்திரிதான் திரும்பத் திரும்பத் தெரிந்தார்.

அடுத்து தெருவுக்குப் போனார். பாஷை தெரியாது. நாய்க்குட்டியோடு நடந்து வந்த ஒரு பெண்மணியிடம் போனைக் காட்டி, கேமரா என்று சைகை செய்தார். அந்த அம்மாள் புன்னகையோடு போனை வாங்கி, அவரைச் சுவரோரம் நிறுத்தி, மூன்று படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றிலும் மேஸ்திரி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது குளியலறையில் பிளம்பர் குழாயின் மரையில் டேப் சுற்றிக்கொண்டிருந்தார். நம் பாஷைக்காரர். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் நம் ஆள் ஒருவர் ஏதாவது ஒரு குழாயை முடுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பிளம்பர் பையிலிருந்து எடுத்தது பட்டன் போன்.

“இதுல பேசலாம், டார்ச்சு அடிக்கலாம். அதுவும் உள்ளூருக்கு மட்டும்தான். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுத் தரட்டுமா?”

“எதுக்கு, டார்ச்சு அடிக்கவா?”

“இல்ல, பேசறதுக்கு.”

வேண்டாம் என்று மேஸ்திரி பதறினார். காற்றில் வரும் என்று காலையில் சொன்ன வாயால், வரவில்லை என்று மதியத்துக்குள் எப்படிச் சொல்வது? மானம் போவதற்கும் ஒரு நாளாவது அவகாசம் வேண்டாமா?

“அப்ப அந்தப் படம் போனுக்கு வெளியில எங்கயாவது ஒரு காப்பி இருந்தா போதும்,” என்று சொல்லிவிட்டுப் பிளம்பர் தன் வேலையைப் பார்த்தார்.

மேஸ்திரியின் கண் டைல்ஸ் பெட்டிகளின் மேல் விழுந்தது. படத்தைப் பெரிதாக்கி எண்ணினார். வரிசைக்கு முப்பத்துமூன்று கட்டம். கட்டம் இரண்டு அங்குலம் என்றால் ஐந்தரை அடி. தரை ஆறடிக்கு ஆறடி. நாலு பக்கமும் மூன்று அங்குலம் வெள்ளை பார்டர் விட்டால் கச்சிதம். கணக்கு இவ்வளவு அழகாக உட்கார்ந்த பிறகு ஒரு மேஸ்திரியால் சும்மா இருக்க முடியாது. பரப்பிக் காட்டுவோம், டிராயிங் வந்ததும் எடுத்துவிடுவோம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

“அண்ணே, நீங்க வாசிங்க, நான் வைக்கிறேன்.”

“கறுப்பு ஏழு. வெள்ளை ஒண்ணு. கறுப்பு ரெண்டு…”

அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் திரை அணைந்தது. அணைந்ததும் பிளம்பர் வரிசையைத் தொலைத்தார். பதினோராவது வரிசையை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பன்னிரண்டாவதை வாசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் சரிசெய்து ஆயிரத்து எண்பத்தொன்பது டைல்ஸையும் பசையில்லாமல் பரப்பி முடித்தபோது மணி ஒன்று. மேஸ்திரி போனை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். கீழே பிளம்பர், தண்ணீர் வேகம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று குழாயைத் திறந்தார்.

வேகம் நன்றாகவே இருந்தது. டைல்ஸ் அத்தனையும் கிளம்பி வாசல் பக்கம் ஊர்வலம் போயின.

இருவரும் ஓடி ஓடி டைல்ஸைப் பொறுக்கினார்கள். பிறகு மேஸ்திரி தரையைத் துடைத்து, பசையைக் குழைத்தார். பரப்பினால்தானே ஓடும், ஒட்டினால் எப்படி ஓடும் என்பது அவர் வாதம். ஒட்டிவிட்டால் எடுக்க முடியாதே என்று பிளம்பர் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கறுப்பு ஏழு, வெள்ளை ஒண்ணு என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நாலரை மணிக்குக் கடைசிக் கட்டம் உட்கார்ந்தது. மேஸ்திரி ஏணி உச்சியில் நின்று போனைத் தரைக்கு நேராகப் பிடித்தார். டிங் என்றது. மஞ்சளாக ஒரு கட்டம் வந்தது. அதைத் தொட்டார். ஒரு சக்கரம் சுற்றியது, நின்றது.

“என்ன சொல்லுது?” என்றார் கீழேயிருந்து பிளம்பர்.

“இண்டர்நெட் வரணும்னா இண்டர்நெட் இருக்கணுமாம்.”

“கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும். அந்தக் கதைதான்,” என்று பிளம்பர் பையைக் கட்டினார்.

மேஸ்திரி உளியை எடுத்து ஒரு டைலை நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. அவர் ஒட்டியது அவருக்கே பெயரவில்லை. வாசலில் கார் வந்து நின்றது.

வீட்டுக்காரம்மா, காண்ட்ராக்டர், அம்மாவின் கைப்பையோடு நம் பாஷைக்கார டிரைவர் என்று மூன்று பேரும் குளியலறை வாசலில் நின்று தரையைப் பார்த்தார்கள். காண்ட்ராக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை.

“நான் அனுப்பினது பூ டிசைன். இது என்னய்யா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேஸ்திரியின் காதில் கேட்டார்.

மேஸ்திரி உளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பெட்டியைத் திறக்காதது நல்லதாகப் போயிற்று, அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைத்தார். ஊரில் எல்லோர் முகத்திலும் எப்படி விழிப்பது என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

வீட்டுக்காரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு பார்டரோரமாக ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பார்த்தார். வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வந்து பார்த்தார். பிறகு தன் பாஷையில் நிறுத்தாமல் பேசினார். கேட்கக் கேட்கக் காண்ட்ராக்டரின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது.

“மேஸ்திரி, இப்படி ஒண்ணை அவங்க எங்கயும் பாத்ததில்லையாம். தாறுமாறா இருக்காம், ஆனா உள்ளுக்குள்ள ஏதோ அர்த்தம் இருக்காம். ஓட்டல்ல நாப்பதுக்கும் இதேதானாம். ஒரு கட்டம்கூட மாறக் கூடாதாம்.”

மேஸ்திரி நிஜமாகவே அழுதுவிட்டார். நாள் முழுக்க மனசுக்குள் திட்டித் தீர்த்த மச்சானை, அந்த நிமிஷத்தில் மனசார வாழ்த்தினார். ஊருக்குப் போனதும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார்.

தரையைப் படம் எடுத்து வைக்கும்படி அந்த அம்மா டிரைவரிடம் சொன்னார். டிரைவர் தன் போனைத் தூக்கித் தரைக்கு நேராகப் பிடித்தார். அது டிங் என்றது. அவர் திரையைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“அண்ணே, இதுல கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தரு, முப்பத்தெட்டு வயசு, செல்போன் கடையாம், கட்டிக்கப் பொண்ணு தேடுறாராம், பொண்ணு வீட்டுக்காரங்க பேச வேண்டிய ஆளுன்னு கீழ போட்டிருக்கறது உங்க போட்டோதானே?”