என் கிழங்குக்கு நார்வேக்காரி தீர்ப்புச் சொன்ன விவரம்

கர்த்தருடைய கிருபையால் ஆக்லாந்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் மகன் லாங்கிக்கு, நியுயே தீவிலிருந்து தோங்கியா மாமன் அன்போடு எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை லோசேயும் பன்றிகளும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, ஆனால் அதை நான் வெளியே காட்டிக்கொள்வதில்லை. உன் சுகத்துக்காக ஞாயிறுதோறும் கோயிலில் சத்தமாகவே ஜெபிக்கிறேன். சந்தேகமென்றால் பாஸ்டரையே கேட்டுக்கொள்.

நிற்க. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ரக்பி பார்க்க என் போனில் நீ ஒரு வி.பி.என். போட்டுக் கொடுத்தாயல்லவா, அதை இந்தத் தீவிலேயே முழுசாகப் புரிந்துகொண்டவன் நான் ஒருத்தன்தான். தலைநகர் அலோஃபியில் டெலிபோன் ஆபீஸ்காரர்களே என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். அந்த யந்திரத்தை இப்போது ஒரு பெரிய காரியத்துக்கு உபயோகித்திருக்கிறேன். ரகசியம். உன் அம்மாவிடம்கூடச் சொல்லாதே, அவளிடம் சொன்னால் ஆக்லாந்தில் உள்ள நம் சனம் முழுக்கத் தெரிந்துவிடும்.

விஷயம் உன் அத்தையின் அண்ணன் மோகாதான். நம் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு பப்பாளி மரம் நிற்கிறது, அவ்வளவுதான் தூரம். அவன் அடுப்பில் என்ன வேகிறது என்று என் மூக்கு சொல்லிவிடும். ஊர்க் கண்காட்சியில் சேப்பங்கிழங்குக்கு முதல் பரிசு வருஷா வருஷம் அவனுக்கே போகிறது. என் கிழங்கு சாதாரணமா? தோண்டி எடுத்தால் குழியில் கன்றுக்குட்டி விழுந்துவிடும், அத்தனை பெரிசு. அது கிடக்கட்டும். இவன் தன் கிழங்கைப் போட்டோ பிடித்து இன்டர்நெட்டில் நம் ஊர்ப் பக்கத்தில் போட, கனடாவிலிருந்து ஒரு அம்மாள் "எத்தனை அழகு" என்று எழுதிவிட்டாள். அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. மரமேறும் தேங்காய் நண்டைப் பிடிக்கக் காட்டுக்குப் போகிறவன், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போகிறான். உன் அத்தையும், "கனடா வரைக்கும் எங்கண்ணன் பேரு போயிருக்கு, நீ சர்ச்சு வாசல தாண்டியிருக்கியா?" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் நானும் ஒரு அம்மாளை உண்டாக்கினேன். பெயர் இங்கிரிட், ஊர் நார்வே, படத்துக்குப் பனிமலை. வி.பி.என்.னில் நார்வேயைத் தட்டினால் நான் நார்வேயில்தான் இருக்கிறேன் என்று உலகம் நம்புகிறது. இங்கிலீஷில் எழுதினால் என் பிழைகள் எல்லோருக்கும் தெரியும், ஆகவே நம் பாஷையிலேயே எழுதவைத்தேன். சின்ன வயதில் ஒரு கப்பல்காரரிடம் கற்றுக்கொண்டாளாம். "தோங்கியா அவர்களின் கிழங்கைப் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை" என்று எழுதினாள். ஊரே அசந்துபோயிற்று.

இங்கேதான் வினை ஆரம்பம். கண்காட்சிக் கமிட்டித் தலைவி ஹினா ஒரு யோசனை கொண்டுவந்தாள். உள்ளூர்க்காரன் நடுவராக இருந்தால் சொந்தம் பார்க்கிறான், இந்த வருஷம் கிழங்குக்கு அந்த நார்வேக்காரியே போட்டோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்றாள். கூடவே ஒரு சட்டம்: போட்டியில் இருப்பவன் எவனாவது நடுவர் வேலையில் கை வைத்தால் அவன் ஆயுசுக்கும் போட்டியில் சேரக் கூடாது. எனக்கு ஒரு கண்ணில் சிரிப்பு, ஒரு கண்ணில் பயம். எனக்கு நானே பரிசு கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் குட்டு உடைந்தால் மோகா வாழ்நாள் முழுக்க ஜெயிப்பான், நான் பப்பாளி மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்காகத்தான் அன்றைக்கு, சிநேகிதன் ஒருத்தனுக்காகக் கேட்பதாகச் சொல்லி, வி.பி.என். ஒழுங்காக மறைக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று உன்னிடம் கேட்டேன். நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். முதலில் அதை அணைத்துவிட்டு, 'உன் முகவரி என்ன' என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். நியுயே என்று பச்சையாகக் காட்டியது. வெட்கமாக இருந்தது. பிறகு வி.பி.என்.னைப் போட்டுத் திறந்தேன், எண் மாறி நார்வே என்று வந்தது. எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன். அடுத்து ஒழுகல் பரிசோதனை. அதிலே பார், மேலே நார்வே, கீழே சின்ன எழுத்தில் நம் தீவு. பக்கங்களின் பெயரைத் தேடுகிற வேலையை மட்டும் என் போன் இன்னும் நம் ஊர் லைன் வழியாகவே செய்துகொண்டிருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு போகிற திருடன் காலில் தன் பெயர் எழுதிய செருப்பைப் போட்ட கதை. நீ சொன்ன இடத்தில் தட்டி அதையும் அடைத்தேன். கடைசியாக, வி.பி.என். அறுந்தால் இன்டர்நெட்டே நின்றுபோகிற அந்தப் பொத்தானையும் போட்டுவிட்டேன். மறுபடி சோதித்தால் மேலும் நார்வே, கீழும் நார்வே. எனக்குப் பனிச் சப்பாத்து விளம்பரமெல்லாம் வருகிறது. இந்தச் சமுத்திரத்திலேயே இத்தனை பத்திரமாக ஒளிந்த மனிதன் கிடையாது.

ஒளிந்ததில் குறையில்லை மருமகனே, மனசில்தான் குறை. இந்த இங்கிரிட்டைப் பார்த்தால் எனக்கு ஆகவில்லை. நான் காலையிலிருந்து சாயந்தரம் வரை பேசினாலும் கொட்டாவி விடுகிற சனம், அவள் ஒரு வரி எழுதினால் கூடி நின்று படிக்கிறது. உன் அத்தை ஒருநாள் போனை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி அப்படிப் படிக்கிற?"

"இங்கிரிட்டு எனக்கு எழுதியிருக்கா. உங்க அடுப்புப் புகைகூட வாசனையா இருக்கும்னு நெனைக்கிறேன்னு. உன் வாயில என்னிக்காவது இப்படி ஒரு பேச்சு வந்திருக்கா?"

"அவ என்ன பெரிய இவளா? நானும் சொல்லுவேன்."

"நீ சொல்லுவே. புகை கண்ணுல படுது, அடுப்ப அந்தாண்ட நகத்துன்னு சொல்லுவே."

எழுதியது நான். திட்டு வாங்கியதும் நான். மோகாவோ அவளுக்குத் தனியாக எழுத ஆரம்பித்துவிட்டான். "நீங்கள் வந்தால் என் கையால் நண்டு பிடித்துத் தேங்காய்ப் பாலில் வேகவைத்துத் தருவேன்" என்கிறான். இத்தனை காலம் மச்சானாக இருக்கிறேன், எனக்கு ஒரு நண்டுக்கால் தந்ததில்லை. ஆத்திரத்தில் நான் சுருக்கமாகப் பதில் எழுத உட்கார்ந்தால், இங்கிரிட் நல்லவளாகிப்போனதால் கை தானாக இனிக்க இனிக்க எழுதிவிடுகிறது.

கண்காட்சி நாளும் வந்தது. ஹினா ஒலிபெருக்கியில் தீர்ப்பைப் படித்தாள். முதல் பரிசு தோங்கியா. கைதட்டலில் பக்கத்து ஊர் நாய்கள் குரைத்தன. எனக்கு ஒரு வெட்டுக்கத்தியும், கழுத்தில் சிப்பி மாலையும். ஆனால் உடனே எல்லோரும், "நார்வேக்காரி என்ன அழகா எழுதியிருக்கா" என்று அவளைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டார்கள். ஹினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் தோங்கியா, நம்ம ஊர்ல லைன் போனா நார்வேயிலயும் போயிடுதே, அது என்ன கூத்து? போன வாரம் ஒருநாள் லைன் போச்சே, சாயந்தரம் வரைக்கும் அந்தம்மா ஒரு வார்த்தை எழுதல. இங்க லைன் வந்தப்புறம்தான் வாயத் திறந்தா."

"கடலுக்கடியில ஒரே கம்பிதான் ஹினா. இங்க ஆட்டினா அங்க ஆடும்."

"நாம மத்தியானம் சாப்பிடறப்ப அங்க நடுராத்திரியாமே. பாவம், தூங்கவே மாட்டாளா?"

"அவதான் சொன்னாளே, என் கிழங்கப் பாத்து உறக்கம் போச்சுன்னு."

ஹினா இருமினாள். பக்கத்தில் நின்ற மோகாவும் இருமினான். இந்தத் தீவில் இருமல் பரவியிருக்கிறது, நீ அடுத்த விமானத்தில் மருந்து அனுப்பு.

ஆக, வி.பி.என். பரிபூரணமாக வேலை செய்கிறது. குட்டு உடையவில்லை, பரிசு என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, மோகா மேல் எனக்கு இப்போது பொறாமையே கிடையாது. நான் பெரிய மனசுக்காரன் என்று ஊருக்கே தெரியும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: அங்கிருந்து ஒரு முறை சோதித்து, இங்கிரிட்டை யாராலும், எந்தக் காலத்திலும், என்னோடு முடிச்சுப் போட முடியாது என்று உறுதி சொல்.

உன் வேலை உயரட்டும், உன் வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்கட்டும், அந்தக் குளிரில் உன் காது பத்திரமாக இருக்கட்டும். உன் அம்மாவுக்கு என் முத்தம், அவள் சமையலுக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு, கிழங்கில் முதல்வன்,
உன் தோங்கியா மாமன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் ஹினா வந்தாள். நடுவருக்கென்று கமிட்டி ஒரு பன்றித்தொடை சுட்டு, தேங்காய் நண்டும் நெய்த தொப்பியும் சேர்த்து வைத்திருந்ததாம். நார்வேக்கு அனுப்ப முடியாதல்லவா, அந்தம்மாள் யாருக்கு அதிகப் பிரியமாக எழுதினாளோ அவரிடமே கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்து மோகா வீட்டில் இறக்கிவிட்டார்கள். உன் அத்தையும் அங்கேதான் இருக்கிறாள். அவன் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, என் பன்றித்தொடையின் தோலை மொறுமொறுவென்று கடிக்கிறான். பப்பாளி மரம் வரைக்கும் கேட்கிறது. ஆயுசுக்கும் போட்டியில் இடமில்லாவிட்டால் போகட்டும். மேலே எழுதியதை விட்டுவிட்டு, இங்கிரிட் நான்தான் என்று இந்த ஊர் முழுக்கச் சந்தேகமில்லாமல் தெரிய எந்தப் பொத்தானைத் தட்ட வேண்டும் என்று உடனே போன் பண்ணிச் சொல். நண்டை அவன் இன்னும் தொடவில்லை.