பிரியாணியில் ஊற்றிய சாக்லேட்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் புருஷன் லீவில் வந்தால் பெண்டாட்டியிடம்தான் வருகிறான் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை ஆம்பூர்ப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். அவன் தெருவுக்கு வருகிறான். அம்மாவுக்கு, மாமனுக்கு, கூடப் படித்தவனுக்கு, கூடப் படித்தவனின் தம்பிக்கு வருகிறான். எல்லோரும் பார்த்து முடித்து மிச்சம் மீதி இருந்தால் பெண்டாட்டிக்கு.

என் வீட்டுக்காரர் எத்தியோப்பியாவில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறார். நான் இங்கே வேறொரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கர். தோலில் கொசு உட்கார்ந்த தடம் இருந்தால்கூடக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. (வீட்டுக்கு வந்தா மட்டும் அந்தக் கண்ணு லீவு போட்டுடும். அதத்தான் சொல்ல வர்றேன்.)

நாங்கள் பழகியதே கம்பெனி பஸ்ஸில்தான். அப்போது அவருக்கும் இங்கேதான் வேலை. நான் பள்ளிகொண்டாவில் ஏறுவேன். அவர் பின் சீட்டில் இருப்பார். சம்பளம் போட்ட மறுநாள் ஒரு சாக்லேட்டைப் பாதியாக உடைத்து, ஜன்னல் ஓரமாகக் கையை விட்டு நீட்டுவார். வேலூர் வெயிலில் அது எப்போதோ உருகியிருக்கும். விரலை நக்கிக்கொண்டே கம்பெனிக்குள் போய், வெள்ளைத் தோலில் பழுப்பாகக் கை வைத்து, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் திட்டுகூட அப்போது இனிப்பாகத்தான் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு லீவில் வந்தவருக்கு வேலூரில் ரத்தப் பரிசோதனை செய்தோம். சர்க்கரை வாசல் வரை வந்து நிற்கிறது, இனிப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். மனிதருக்கு முகமே செத்துப்போயிற்று. அதே வாரம் எத்தியோப்பியாவிலிருந்து போனும் வந்தது. கான்ட்ராக்டை நீட்டிக்கிறாயா, திங்கட்கிழமைக்குள் சொல் என்றார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான்தான் சொல்ல வேண்டும். "போகாதீங்க, கம்மியா சம்பாதிச்சாலும் இங்கயே இருங்க" என்று ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அதைச் சொல்ல வீட்டில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவரைச் சுற்றி எப்போதும் யாராவது உட்கார்ந்து, "அங்க சோறு கெடைக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வழி பிறந்தது. என் மாமியார் குடியாத்தத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போய், சாயங்காலம்தான் திரும்புவதாக இருந்தது. அவர் கிளம்பிவிட்டால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அன்றைக்கென்று செல்போனில் ஒரு வீடியோ கிடைத்தது: சர்க்கரை போடாத சாக்லேட் டிப், பழத்தைத் தொட்டுச் சாப்பிட. ஊறவைத்த பேரீச்சம்பழம், கொக்கோ பவுடர், தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், வறுத்த வேர்க்கடலை. (பேரிச்சம்பழத்துலயும் சர்க்கரதான். ஆனா நல்ல குடும்பத்துச் சர்க்கரன்னு அந்தம்மா சொன்ன மாதிரி எனக்குக் கேட்டுச்சு.)

காலையிலேயே மிக்ஸியில் அரைத்தேன். வீடியோ அம்மா கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தாள். என்னிடம் ஏது கண்ணாடிக் கிண்ணம்? குழம்பு ஊற்றும் எவர்சில்வர் கிண்ணத்தில் வழித்து வைத்தேன். வாசனைக்குப் பட்டைத் தூள். பளபளப்புக்கு மேலாகத் தேங்காய் எண்ணெய். அழகுக்கு வெள்ளை எள். ஒரு கரண்டியையும் சொருகிவிட்டு, கொய்யாவையும் ஆப்பிளையும் நறுக்கித் தட்டில் மூடி வைத்தேன். அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பூ வாங்கி வைத்திருந்தேன். தலை வாரிப் பூ வைத்துக்கொள்ள உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் பிரியாணி என்றால் பக்கத்தில் கத்திரிக்காய் இருந்தே தீர வேண்டும். குழைய வதக்கி, கறுத்த பழுப்பில், மேலே எண்ணெய் மிதக்க, விதை விதையாகத் தெரியும். அது இல்லாமல் பிரியாணியைத் தொட்டால் ஊரை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள்.

அறைக்குள் பின்னலைப் பாதி பின்னியிருப்பேன், வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம். அதைத் தொடர்ந்து, பஸ்ஸுக்குக் கிளம்பி வாசல் வரை போயிருந்த மாமியாரிடம் அவர் தம்பி முனுசாமி மாமாவின் குரல்.

"எதுக்குக்கா நீ பஸ்ல அலையணும்? நாங்களே வந்துட்டோம்! வர்ற வழியில பிரியாணியும் வாங்கியாந்துட்டேன்!"

மாமா, மாமி, அவர்கள் மகன், மருமகள், பிள்ளைகள். தெய்வமே! பூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வெளியே இலை போடும் சத்தம் கேட்டது. மாமா அலறுவதும் கேட்டது.

"ஐயோ, கத்திரிக்கா பொட்டலத்த ஆட்டோலயே வுட்டுட்டேனே!"

"பேஜார் ஆவாத. என் மருமவ பண்ணி வெச்சிக்கீறா பாரு. எவ்ளோ முன்யோசன!" என்றது மாமியாரின் குரல்.

எனக்கு உடனே உறைக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது கிண்ணம் பந்தியைச் சுற்றி வந்து முடிந்திருந்தது. எல்லா இலையிலும் பிரியாணி. எல்லாப் பிரியாணியின் தலையிலும் என் சாக்லேட்.

முனுசாமி மாமா முப்பது வருஷம் டேனரியில், தோலுக்குச் சாயமும் பளபளப்பும் ஏற்றும் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தவர். பிசைந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "கலர் சூப்பரா வந்துக்கீதும்மா. இந்தக் கலர் வர்றதுக்கு நாங்க எவ்ளோ பாடுபடுவோம் தெரியுமா?" என்று சொல்லி ஒரு கவளத்தை வாயில் போட்டார்.

மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

புருஷன் ஊரிலிருந்து வந்திருக்கும்போது அவன் பெண்டாட்டி சமையலைக் குறை சொல்லக் கூடாதென்று எட்டு பேரும் சேர்ந்து கஷ்டப்பட்டார்கள்.

"கொஞ்சம் தித்திப்பு ஜாஸ்தியோ?" என்றாள் மாமி மெதுவாக.

"இப்ப வர்ற கத்திரிக்காயே அப்பிடித்தான். என்னென்னவோ மருந்து அடிக்கிறான்" என்றார் மாமா.

என் மூஞ்சியிலேயே ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. அவரைப் பார்த்தேன். அவருக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. சாக்லேட் அவருக்குத் தெரியாமல் போகுமா? என் தலையைப் பார்த்தார், பாதிப் பின்னலைப் பார்த்தார், கையில் கசங்கியிருந்த பூவைப் பார்த்தார். பிறகு இலையைக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து. மாமா, இது எத்தியோப்பியா கத்திரிக்கா. நான்தான் இவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"அப்பிடிச் சொல்லு! அதான் பார்த்தேன்" என்ற மாமா, தனக்கும் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். வெளிநாட்டுச் சரக்கு என்றதும் எல்லோருடைய நாக்கும் ஒரே நிமிஷத்தில் பழகிவிட்டது. மாமி பக்குவம் கேட்கத் தொடங்கினாள். "எத்தன கத்திரிக்கா போட்டம்மா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ஒண்ணுகூடப் போடல மாமி. அது சாக்லேட்டு" என்றேன்.

மாமா தன் இலையைப் பார்த்தார். மட்டன் துண்டைப் பார்த்தார். "சாக்லேட்டா?" என்று அவர் கேட்ட குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பிள்ளைகள் மட்டும் கிண்ணத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அவர்கள் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாமியார் பஸ் ஏற்றிவிடப் போனார். அடுப்பங்கரையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஆப்பிள் கறுத்திருந்தது. பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன கிண்ணத்தின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்ததை அவர் ஒரு கொய்யாத் துண்டால் வழித்து, பாதியைக் கடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார். பஸ்ஸில் நீட்டிய அதே கை.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"கேளு" என்றவர், அடுத்த நொடி "சாக்லேட்டா?" என்று மாமா குரலில் சொல்லிக் காட்டி, சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். போனில் வருஷம் பூராவும் "சாப்ட்டியா? நானும் சாப்ட்டேன்" என்று பேசுகிற மனிதர் இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. திங்கட்கிழமை அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தப் பந்தியிலும் கிண்ணத்தை மோந்து பார்க்காமல் யாரும் கத்திரிக்காய் ஊற்றிக்கொள்வதில்லை. முனுசாமி மாமா தன் மூத்த மகள் வீட்டுப் பேத்தி கல்யாணத்தில் சமையல்காரரையே கூப்பிட்டு, "இதுல சாக்லேட் இல்லியே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

போன வாரம் அவர் கூப்பிட்டார். கூட வேலை செய்கிறவர்களிடம் அந்தக் கதையைச் சொன்னாராம். அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

"அன்னிக்கு இன்னாவோ கேக்கணும்னியே. நான் சிரிச்சதுல வுட்டுப்போச்சு. இன்னா அது?"

என்னென்னவோ சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "போவாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"அடுத்த மாசம் வர்றேன்" என்றார் ஒருவழியாக. "இந்தத் தடவ முதல்ல அத உக்காந்து பேசுவோம். பேரிச்சம்பழத்த ஊற வை."

அடுத்த மாதத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது. இருந்தாலும் பக்குவம் தப்பிவிடக் கூடாதே என்று இன்று காலை ஒரு பிடி ஊறப்போட்டு அரைத்தேன். அடுப்பங்கரைக்கு வந்த என் மாமியார் கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தார். என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"பிரியாணியே ஆக்கல. அதுக்குள்ள இன்னாம்மா அவசரம் கத்திரிக்காய்க்கு?" என்றார்.